அர்மெல் பாட்டுக்கு நடுவுல வர்ற சத்தம்

இல்லம்மா, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க ஜன்னல் பக்கமா வந்து உக்காருங்க. பையை மேசை மேலயே வைங்க, சீஸை நான் நகத்திக்கிறேன். ம், இப்ப மறுபடியும் சொல்லுங்க. அர்மெல் உங்களை என்கிட்டயா அனுப்பினா? ரெக்கார்டுல இருக்கிற அந்தச் சத்தத்தை எடுக்கலாமா வேணாமான்னு கீழ்வீட்டுக்காரரைப் போய்க் கேளுன்னா? வேற ஒண்ணும் சொல்லலையா? ஏன்னு நீங்களாவது கேக்கக் கூடாதா?

கேட்டீங்க, பதில் வரல. அதானே. அவகிட்ட ஒரு முழு வாக்கியம் வாங்குறது கல்லுல நார் உரிக்கிற வேலை. போன் பண்ணுவா, ஹலோம்பா, அப்புறம் மூச்சு விடுற சத்தம்தான் வரும். நான்தான் அவளுக்கும் சேத்துப் பேசி வைக்கணும்.

புரியுது, புரியுது. அவளோட முதல் ஆல்பம் வந்து இருபது வருஷம் ஆகுது, மறுபடி வெளியிடுறாங்க, பழைய டேப்பைச் சுத்தம் பண்றது உங்க வேலை. கரகரப்பு போயாச்சு, இரைச்சல் போயாச்சு. மிச்சம் இருக்கிறது பாட்டுக்கு நடுவுல டிங் டிங்னு வர்ற ஒண்ணு. கம்பெனிக்காரங்க அதையும் தூக்கிடலாங்கிறாங்க. அர்மெல் மட்டும் க்ளெர்மோனுக்கு ரயில் ஏறுன்னுட்டா. நான் ஆமான்னோ இல்லன்னோ சொன்னா நீங்க சாயங்கால ரயிலைப் பிடிச்சு பாரிஸ் போயிடுவீங்க. பிடிக்கலாம், பிடிக்கலாம். முதல்ல இந்தச் சீஸைச் சாப்பிடுங்க.

தோலைப் பாத்து முகம் சுளிக்காதீங்க. அது பூஞ்சைதான், ருசியே அதுலதான் இருக்கு. உங்க ஊர்ல சான் நெக்தேர்னு பேர் எழுதி ஒண்ணு விக்கிறாங்களே, அது சோப்பு. நான் சான் பியேர் மார்க்கெட்ல ஒரு ஆயுசு பூரா இதை வித்தவன். அங்க போய் மார்சியல்னு கேட்டா யாருக்கும் தெரியாது, ரேடியோன்னு கேளுங்க, சொல்லுவாங்க. காலைல கடையைத் திறக்கும்போது திறக்கிற வாய், கடை சாத்தும்போதுதான் சாத்தும். கால் கிலோ வாங்க வந்தவங்க அவங்க மருமக கதையைச் சொல்லி, பண்ணை மாட்டுக்கு வந்த நோவைக் கேட்டு, ஒரு கிலோவா வாங்கிட்டுப் போவாங்க. எங்க பொழப்பே வாய்தான்மா.

என்ன? ஆமா ஆமா, சத்தம். அது பாய்லர். இந்தக் கட்டடம் பூராவுக்கும் ஒரே பாய்லர், அடித்தளத்துல இருக்கு. உங்க முழங்கைகிட்ட சுவரை ஒட்டி ஒரு இரும்புக் குழாய் மேல போகுது பாருங்க, அதுல சுடுதண்ணி ஓடும். அதே குழாய்தான் கூரையைத் துளைச்சிக்கிட்டு மேல, அவ அப்ப குடியிருந்த வீட்டுச் சமையலறைக்குப் போகுது. அவ அங்க மேசைல மைக்கை வச்சுத்தான் பாடினா. இரும்பு சூடானா டிங்குங்கும். அவ்வளவுதான் விஷயம். இருபது வருஷமா வர்றவங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன்.

வர்றாங்கம்மா! என்ன, தெரியாதா? எங்கெங்கிருந்தோ வர்றாங்க. பெல்ஜியத்துல இருந்து ஒருத்தன் வந்தான், தாடியும் கம்பளித் தொப்பியுமா. குழாயைத் தொட்டுப் பாக்கணும்னான். தொடுப்பான்னேன். தொட்டுட்டு கண்ணை மூடி நின்னான். கொஞ்சம் தள்ளி நில்லு, சூப் கொதிக்குதுன்னேன், அதைக்கூட குறிச்சிக்கிட்டான். லியோன்ல ஒரு குழு இருக்காம், மேடைக்கே ஒரு பழைய குழாயைத் தூக்கிட்டுப் போறாங்க, ஒருத்தன் பாட்டு பூரா சும்மா நின்னுட்டு நடுவுல கரண்டியால ஒரு தட்டு தட்டுறான். அதுக்குச் சம்பளமும் உண்டாம். இப்ப இந்த நாட்டுல யார் பாட்டைப் போட்டாலும் தொண்டை கட்டினவங்க உப்பு கேக்கிற மாதிரிதான் இருக்கு. ஒரு வரி, அப்புறம் ஒண்ணும் இல்ல. இன்னொரு வரி, மறுபடி ஒண்ணும் இல்ல. எல்லாம் எங்க மேல்வீட்டுப் பொண்ணு பண்ணின வேலை.

சிரிக்காதீங்க, எனக்கு அவ பாட்டு பிடிக்கும். ஒரு தடவை நாடக அரங்குல பாடினா, டிக்கெட் அனுப்பிட்டா, கோட்டு மாட்டிட்டுப் போனேன். ஒரு விளக்கு, ஒரு கிட்டார், அவ. ஒரு வரி பாடி நிறுத்துறா. ஆயிரம் பேரு மூச்சு விடல. எனக்கு இருமல் வந்துடுச்சு. ஒரே ஒரு இருமல்தான்மா, ஏதோ கொலை பண்ணிட்ட மாதிரி எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ மட்டும் மேடைல இருந்து லேசா சிரிச்சா. யாரு இருமினதுன்னு அவளுக்குத் தெரியும்.

முதல்ல அவ இப்படிப் பாடல. அது உங்களுக்குத் தெரியுமா? ஓரியாக்ல இருந்து இங்க குடி வந்தப்ப கிட்டார், அதுக்குச் சத்தம் கூட்டுற ஒரு பெட்டி, கால்ல மிதிக்கிற மத்தளம், எல்லாத்தோடயும் வந்தா. ஒரு பாட்டுக்கு எட்டு சரணம் வரும். மூச்சு வாங்காம பாடுவா. எங்க வீட்டு அலமாரில தட்டெல்லாம் நடுங்கும். எனக்கு அப்பவும் பிடிச்சுத்தான் இருந்துது. அப்புறம் ஒவ்வொண்ணாப் போச்சு. பெட்டி போச்சு, மத்தளம் போச்சு, கிட்டார்ல தடிச்ச கம்பி ஒண்ணு போச்சு, சரணம் சரணமா பாட்டு போச்சு. கடைசில இப்ப நீங்க கேக்கிற இதுதான் மிஞ்சிச்சு. பத்திரிகைல எழுதினாங்க, அது மலையோட வெறுமையாம். எரிமலை அணைஞ்ச ஊர்ல பிறந்ததால அப்படியாம். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. நான் வெட்டி அலமாரில ஒட்டினேன்.

என்னம்மா? ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

பறவையா? எந்தப் பறவை?

ஓ. அந்தக் கறுப்புக் குருவிங்க. கூட்டமா கீச்சுன்னு கத்திக்கிட்டு வீட்டுக் கூரையை உரசுற மாதிரிப் பறக்குமே, அதுங்களா? டேப்ல கேக்குதா? நாலாவது பாட்டுல, தூரத்துல. ம். அதுங்க மே மாசக் கடைசில வரும், ஆகஸ்டுல போயிடும். அப்ப ஜன்னல் திறந்திருந்தது. அப்ப கோடை. கோடைல எவன் பாய்லரைப் போடுவான்னு கேக்கிறீங்க.

நல்ல காதும்மா உங்களுக்கு. இத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தனும் இதைக் கேக்கல. இருங்க, கொஞ்சம் ஒயின் ஊத்திக்கிறேன். உங்களுக்கு? சரி, தண்ணி.

பாய்லர் இல்ல. யாரோ தட்டினாங்க. இந்த வீட்டுல இருந்துதான் தட்டினாங்க.

நானா? நான் அந்த நேரத்துல வீட்டுல எங்க இருந்தேன்? காலைல மார்க்கெட், மத்தியானம் வேனை எடுத்துக்கிட்டு மலை மேல பண்ணைங்களுக்கு, சீஸ் எடுத்துட்டு வர. இங்க இருந்தது என் பொண்டாட்டி. ஓடெட்.

அவளும் மார்க்கெட்ல என்கூட நின்னவதான். நான் பேசுவேன், அவ வெட்டுவா, நிறுப்பா, கட்டிக் குடுப்பா. நான் ஒரு கதையைப் பிடிச்சிட்டா விடமாட்டேன், வரிசை நீண்டுக்கிட்டே போகும். அப்ப கல்யாண மோதிரத்தால தராசுத் தட்டுல தட்டுவா. டிங் டிங், கொஞ்சம் விட்டு, டிங். போதும், அடுத்த ஆளைப் பாருன்னு அர்த்தம். உலகத்துலயே என் வாயை மூட வைக்கிற ஒரே சத்தம் அதுதான். சிரிச்சிக்கிட்டே தட்டுவா. நானும் அந்த நிமிஷமே நிறுத்திட்டு அடுத்த ஆள்னு கத்துவேன்.

அந்தப் பாட்டைப் பதிவு பண்றதுக்கு முந்தின வருஷம் இலையுதிர் காலத்துல அவளுக்குப் பக்கவாதம் வந்துது. வலப்பக்கம் போச்சு, பேச்சு போச்சு. ஒரு வார்த்தை இல்லம்மா, என் பேரு கூட இல்ல. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவங்க எவ்வளவு நினைவோட உள்ள இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது, நீங்க பேசிட்டே இருங்கன்னார். என்கிட்ட போய் அதைச் சொல்றார்! பேசினேன். சூப் ஊட்டிக்கிட்டே பேசினேன், தலை சீவிக்கிட்டே பேசினேன். மார்க்கெட்ல யார் வந்தா, யார் என்ன சொன்னா, எந்த மாடு சினை, எல்லாம். பசிக்குதா ஓடெட், ஆமா பசிக்குது. குளிருதா ஓடெட், ஆமா குளிருது. கேள்வியும் நான்தான் பதிலும் நான்தான். அவ ஜன்னலைப் பாத்துட்டே இருப்பா. இதோ, இந்த ஜன்னலை. குழாய் பக்கத்துல சூடா இருக்கும்னு இங்கதான் உக்கார வைப்பேன். அவ இல்ல, உடம்பு மட்டும்தான் இருக்குன்னு கொஞ்ச நாள்ல எனக்கே தோணிப் போச்சு. அதுக்காகப் பேச்சை நிறுத்தல. நிறுத்தினா வீடே கிணறு மாதிரி ஆயிடும்.

நர்ஸ் மத்தியானம் வந்து சாப்பாடு குடுத்துட்டுப் போவா. அதுக்கப்புறம் நான் வர்ற வரைக்கும் ஓடெட் தனியா இருப்பா. மேல அர்மெல் பாட்டு பழகுவா.

உங்களுக்குத் தெரியும், நம்ம கட்டடங்கள்ல கீழ்வீட்டுக்காரன் குழாயைத் தட்டினா என்ன அர்த்தம்? சத்தத்தை நிறுத்து, இல்ல போலீசைக் கூப்பிடுவேன்னு அர்த்தம். அந்தப் பொண்ணும் அப்படித்தான் எடுத்துக்கிட்டா. முதல் நாள் பாட்டு பழகிக்கிட்டிருக்கா, குழாய்ல டிங் டிங், டிங். பயந்து போய் மத்தளத்தை நிறுத்திட்டா. மறுநாளும் தட்டு. பெட்டியை அணைச்சிட்டா. மறுபடி தட்டு. அந்தத் தடிச்ச கம்பிதான் சுவர்ல அதிருதுன்னு அதையும் கழட்டினா. குரலை இறக்கினா, சரணத்தை வெட்டினா. என்ன பண்ணினாலும் கீழ இருந்து தட்டு நிக்கல. மன்னிப்பு கேக்கணும்னு ஆப்பிள் வச்ச கேக் பண்ணி எடுத்துட்டு வந்து கதவைத் தட்டியிருக்கா. யாரும் திறக்கல. ஓடெட் எப்படி எழுந்து வருவா? இவ்வளவு கோவமா இருக்காங்களேன்னு அழுதுட்டாளாம்.

அன்னிக்கே என்னை மாடிப்படில பாத்துட்டா. கையில கேக். முசியே, அந்தச் சத்தம்னு ஆரம்பிச்சா. நான் எங்க விட்டேன்? சத்தமா, என்ன சத்தம், நீ பாடு பொண்ணே, இந்தக் கட்டடத்துல உசிர் இருக்கிறதே உன்னாலதான், கேக்கா, எனக்கா, மாவுல வெண்ணெய் எவ்வளவு போட்ட, வெண்ணெய் வேணும்னா என்கிட்ட கேளு, சலேர்ஸ் பக்கம் ஒரு பண்ணை இருக்கு, அப்படின்னு போயிட்டே இருக்கேன். அவ வாயைத் திறக்கிறா, மூடுறா. திறக்கிறா, மூடுறா. கூச்சப்படுறான்னு நினைச்சேன். கேக்கை வாங்கிட்டு உள்ள வந்துட்டேன். கேக் நல்லா இருந்துதுன்னு ஓடெட்கிட்ட ரொம்ப நேரம் பேசினேன்.

அப்புறம் அவளே கண்டுபிடிச்சா. பாடும்போது தட்டு வர்றதே இல்ல. நிறுத்தினாத்தான் வருது. தாளம் தப்பாம, சரியா அந்த இடத்துல. ஒரு வரி பாடிட்டுக் கையை எடுத்துட்டுச் சும்மா இருந்து பாத்தா. பதில் வந்துது. இன்னொரு வரி. இன்னொரு பதில். பிடிச்ச வரிக்கு ஒரு மாதிரி, பிடிக்காததுக்கு அந்த டிங் டிங், டிங். அது வந்தா அந்த வரியை அடிச்சிடுவாளாம். இப்ப சொல்லுங்க, அந்தப் பாட்டை யாரு அப்படிச் சுருக்கினது? எரிமலையா? சீஸ் கடைல என் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவம்மா அவ.

அழாதீங்க, நான் இன்னும் முடிக்கல.

ஓடெட் அந்தக் கோடை முடிஞ்சதும் செப்டம்பர்ல போயிட்டா. தூக்கத்துல. அடக்கத்துக்கு அர்மெல் வந்தா, என் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. நான்தான் பேசினேன். மழை வராதது நல்லதாப் போச்சுன்னேன்.

அந்தக் குளிர்காலத்துல ரெக்கார்டு வந்துது. எனக்கு ஒரு எழவும் தெரியாது. மார்க்கெட்ல ஒரு அம்மாவுக்கு நாய் கதை சொல்லிட்டிருக்கேன். நகரசபைத் தலைவர் நாய் எப்படி என் கடைல ஏறிச்சுன்னு. பக்கத்துப் பூக்கடைல ரேடியோ பாடுது. மேல்வீட்டுப் பொண்ணு குரல்னு தெரியுது, சந்தோஷம், ஆனா கதையை விடல. அவ ஒரு வரி பாடி நிறுத்தினா. டிங் டிங், டிங்.

நான் அப்படியே நிறுத்திட்டு அடுத்த ஆள்னு கத்திட்டேன்.

கத்தினப்புறம்தான் திரும்பிப் பாத்தேன். தராசு கிட்ட யாரும் இல்ல. அந்த அம்மா என்ன ஆச்சு ரேடியோங்கிறா. சீஸ் பெட்டி மேல உக்காந்துட்டேன். ஏப்ரனோட, கையில கத்தியோட, கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்து மேல் வீட்டுக் கதவை இடிச்சேன். அர்மெல் திறந்தா. என் மூஞ்சியைப் பாத்தா. கத்தியை வாங்கி மேசைல வச்சா. அப்பத்தான் சொன்னா எல்லாத்தையும். அவ வாழ்க்கைல அவ்வளவு பேசினது அன்னிக்கு மட்டும்தான் இருக்கும். நானும் என் வாழ்க்கைல குறுக்க பேசாம கேட்டது அன்னிக்கு மட்டும்தான்.

உங்களுக்கு இது ஒரு அழகான கதையா இருக்கலாம்மா. எனக்கு வயிறு எரிஞ்சுது. இன்னும் எரியுது. அவ உள்ள இருந்திருக்கா. முழுசா இருந்திருக்கா. கேலி பண்ணியிருக்கா, பாட்டு கேட்டிருக்கா, இந்த வரி நல்லா இல்லன்னு சொல்லியிருக்கா. மேல இருக்கிற யாரோ ஒரு பொண்ணுகிட்ட. முகம் கூடப் பாக்காத பொண்ணுகிட்ட. அதான் வந்தவங்க எல்லாருக்கும் பாய்லர்னு சொன்னேன். உண்மையைச் சொன்னா அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? உங்ககிட்ட என்ன தட்டிச் சொன்னாங்க முசியேன்னு கேப்பாங்க.

நீங்களும் கேக்கத்தான் நினைச்சீங்க. பரவால்ல.

நான் வீட்டுல இருக்கும்போது, மோதிரம் போட்ட அவ இடது கை நகரும்மா. போர்வைக்குள்ள இருந்து மெதுவா வெளிய வந்து குழாய்ப் பக்கமாப் போகும். பாய்லர் ஓடுற மாசத்துல குழாய் கொதிக்கும். ஐயோ சுட்டுக்கப் போறியேன்னு சொல்லிக்கிட்டே அந்தக் கையை எடுத்து, தடவிக் குடுத்து, மறுபடி போர்வைக்குள்ள வச்சு இறுக்கிக் கட்டுவேன். தினமும். பேச்சை விடாமலேயே. கோடைலயும் அப்படித்தான், பழக்கம்.

அர்மெல்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். உன்கிட்ட மட்டும் எப்படிப் பேசினா, நீ என்ன பண்ணினன்னு. நிறுத்தினேன், காத்திருந்தேன்னா. அவ்வளவுதான் சொன்னா. கெட்ட எண்ணத்துல சொல்லல, அவ பேச்சே அப்படித்தான்.

சரி. உங்க ரயிலுக்கு நேரமாச்சு. ஆமாவா இல்லையான்னு கேட்டீங்க. எடுக்காதீங்க. அது குறை இல்ல, அவ பேச்சு. அப்படியே இருக்கட்டும், உலகம் கேக்கட்டும். கம்பெனிக்காரங்க கேட்டா அந்தக் கிழவன் இப்பவும் பாய்லர்னுதான் சொல்றான்னு சொல்லிடுங்க.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன். உங்க மெஷினால பாட்டுல இருந்து அந்தச் சத்தத்தை எடுக்க முடியுதுல்ல? அப்ப அதை மாத்தியும் பண்ணலாமா? பாட்டை எடுத்துட்டு அந்தச் சத்தத்தை மட்டும் விடலாமா? இல்லம்மா, சேத்து வைக்காதீங்க. எது எது எங்க எங்க வருதோ அங்கயே இருக்கட்டும், நடுவுல இருக்கிற இடமும் அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரே ஒரு காப்பி போதும். அர்மெல் ஒண்ணும் சொல்ல மாட்டா, நானே அவளுக்குப் போன் பண்றேன்.

முடியுமா? நிஜமாவா?

வெறும் தட்டுற சத்தத்தை வச்சு என்ன பண்ணுவேனா? ஒண்ணும் இல்லம்மா. அவ பாடின இடத்துல நான் பேசிக்கிறேன். பசிக்குதா ஓடெட்னு கேப்பேன். கேட்டுட்டு நிறுத்திடுவேன்.